நானா சொன்னார், நான் கேட்கவில்லை

போன வருஷம் வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகளைக் கழற்றிய கிழமை, கொழும்புக் கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டு என் அம்மா படுத்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் நான் உட்கார்ந்திருந்தேன். "கட்டைப் பிரித்தால்தான் தெரியும். ஒரு கண்ணாவது மிஞ்சினால் பெரிய விஷயம்" என்று டொக்டர் நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். நான் அதை அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்துவிட்டதாக நினைத்தேன். அம்மாவுக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

அந்தக் கண்கள் வெந்ததற்குக் காரணம் நான். அது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலருக்கு, அம்மன் எனக்குச் செய்ததை எழுதித் தரச் சொன்னார்கள். நல்லதாக நாலு பக்கம் போதும் என்றார்கள். நல்லதை மட்டும் பிரித்தெடுத்து எழுத எனக்குத் தெரியவில்லை. நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன். அம்மனை நம்புகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

என் பேர் கோகிலா. யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறிப் போகிற இறப்பர் தோட்டத்துப் பிள்ளை. அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே தவறிவிட்டார். அம்மா பார்வதி காலையில் தோட்டத்து மரங்களில் பால் வெட்டுவார். மத்தியானத்துக்குப் பிறகு, தோட்டத்துக்குக் கீழே ஒரு முதலாளியின் சின்னக் கொட்டிலில் வேலை. அங்கே இறப்பர் பாலைத் தட்டுகளில் ஊற்றி, அசிட் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட் போடுவார்கள். அசிட் கலக்குவது அம்மாவின் பொறுப்பு. அந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது என்று முதலாளியே சொல்வார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து பல்கலைக்கழகக் கெம்பஸுக்குப் போன முதல் ஆள் நான்தான். போன அன்றைக்கு மேளம் அடிக்காத குறை. முகாமைத்துவம், அதாவது மனேஜ்மென்ட், படிக்கப் போனேன். எல்லாப் பாடமும் எப்படியோ தேறியது. வணிகச் சட்டம் மட்டும் தேறவில்லை. அதிலும் பொருள் விற்பனைச் சட்டம் என்று ஒரு பெரிய பகுதி. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் என்ன பொறுப்பு, பொருள் எந்த நேரத்தில் கை மாறுகிறது, கெட்டுப்போனால் யார் தலையில் விழும் என்று போகும். பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழில் படித்தவள் நான். அங்கே எல்லாம் இங்கிலீஷ். உதாரணம் சொன்னால், குதிரை வாங்கிய ஒரு துரை வருவார், கப்பலில் கோதுமை ஏற்றிய ஒரு வியாபாரி வருவார். எங்கள் தோட்டத்தில் குதிரையும் இல்லை, கப்பலும் இல்லை. புரியவில்லை என்று கையைத் தூக்கவும் வெட்கம். லெக்சரர் "விளங்கியதா?" என்று கேட்டால் எல்லோரோடும் சேர்ந்து தலையாட்டுவேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

புரியாததை மனப்பாடம் செய்தேன். பிரிவு பிரிவாக, சின்ன அட்டைகளில் எழுதி, நடக்கும்போதும் பஸ்ஸிலும் முணுமுணுப்பேன். ஆனால் பரீட்சையில் பிரிவைச் சொல்லு என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கதையைக் கொடுத்து, இதில் யார் பொறுப்பு என்று கேட்பார்கள். இரண்டு தரம் எழுதினேன், இரண்டு தரமும் பெயில். மூன்றாவது தரம்தான் கடைசி. அதிலும் போனால் பட்டம் இல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அந்தக் கடைசித் தரத்துக்குப் படிக்கத்தான் லீவில் வீட்டுக்கு வந்திருந்தேன்.

வெசாக்குக்கு முந்திய நாள் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார். "அசிட் முடிஞ்சிருச்சு, நானா கடையில வாங்கிட்டு வா. எப்பவும் வாங்குறதுதான்னு சொல்லு, அவருக்குத் தெரியும்" என்றார்.

நானா என்றால் பஸாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். அறுபது தாண்டிய மனுஷன். அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்தே எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அந்தக் கடைதான். கத்தி தீட்டும் கல்லிலிருந்து வாளி வரைக்கும் அங்கேதான் வாங்குவோம். அன்றைக்குக் கடையில் சனம் நெருக்கியது. எல்லோரும் வெசாக் கூடு கட்டக் கம்பியும் பல்பும் வாங்க வந்திருந்தார்கள். நான் கவுண்டரில் சாய்ந்துகொண்டு அட்டையைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். என்ன பிரிவு தெரியுமா? வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்று விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அந்த வேலைக்குத் தகுந்த பொருளைக் கொடுக்க வேண்டியது விற்கிறவர் பொறுப்பு. அந்தப் பிரிவுதான்.

நானா போத்தலை எடுத்து வைத்து என்னிடம் ஏதோ சொன்னார். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் காதிலேயே அது நுழையவில்லை. அவர் முடித்ததும் "சரியா மகள்?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "சரி நானா" என்றும் சொன்னேன். போத்தலைப் பையில் போட்டுக்கொண்டு, அதே பிரிவைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஏறினேன். போத்தல் எப்போதும் வருகிற அதே மாதிரிப் போத்தல்தான்.

பழைய அசிட் அந்த நாட்களில் கிடைக்கவில்லை. நானா கொடுத்தது வேறு அசிட், காரம் மிகக் கூடியது. இதுவும் பாலை உறைய வைக்கும், ஆனால் கலக்கும் விதம் வேறு. எங்கள் பெண்கள் எப்போதும் வாளியில் அசிட்டை முதலில் ஊற்றி, அதன் மேல் தண்ணீரை ஊற்றுவார்கள். பழைய அசிட் அதற்கு ஒன்றும் செய்யாது. இருபது வருஷமாக அம்மா அப்படித்தான் கலக்கினார். புது அசிட்டின் மேல் தண்ணீர் விழுந்தால் அது கொதித்துத் தெறிக்கும்.

வெசாக் கழிந்து வேலை தொடங்கிய அன்று, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நான் லயத்து வாசலில் படித்துக்கொண்டிருந்தேன். கீழே கொட்டில் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அம்மாவின் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவே இல்லை. அம்மா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஓடினேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மா தரையில் உருண்டுகொண்டிருந்தார். ஒரு பெண் தேங்காய் எண்ணெய் போத்தலோடு ஓடி வந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, அதைத் தட்டிவிட்டு, அம்மாவை இழுத்துக்கொண்டு கோயில் பக்கத்துப் பீலிக்கு ஓடினேன். அந்தப் பீலியில் ஒரு கிழமையாகத் தண்ணீர் வரவில்லை. மேலே மண் சரிந்து குழாய் கழன்று கிடந்தது. அன்று காலையில்தான் என் தாய்மாமா செல்வம் மேலே ஏறி அதை மாட்டிவிட்டு வந்திருந்தார். எனக்கு அது தெரியாது. தெரியாமலே ஓடினேன். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் தலையை அதற்குக் கீழே பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டு கண்ணும் அங்கேயே போயிருக்கும் என்று கரவனெல்ல ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கிருந்து அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கரவனெல்லயில் வைத்து மாமா என்னைக் கேட்டார். மாமாதான் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர். கோபக்காரர், ஆனால் அக்கா என்றால் உயிர்.

"கோகி, நீதானே அசிட் வாங்கிட்டு வந்த? இது வேற அசிட்டுனு அந்த நானா ஒண்ணுமே சொல்லலியா?"

அப்போதுதான் எனக்குக் கடையில் நின்றது ஞாபகம் வந்தது. நானாவின் வாய் அசைந்தது, அவர் விரலை நீட்டிக் காட்டியது எல்லாம் வந்தது. தண்ணியில அசிட்ட ஊத்தணும், அசிட்டுல தண்ணிய ஊத்தக் கூடா. ஒவ்வொரு சொல்லும் அப்போதுதான் காதுக்குள் வந்த மாதிரி கேட்டது.

"இல்ல மாமா. ஒண்ணும் சொல்லல" என்றேன்.

ஒரே ஒரு பொய். யோசித்துச் சொன்னது இல்லை. பயத்தில் வந்தது. ஆனால் சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற நன்றாக யோசித்தேன். எனக்குத்தான் சட்டம் மனப்பாடமாயிற்றே. எதற்கு வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியும், எச்சரிக்கவில்லை, ஆகவே அவர் பொறுப்பு. இரண்டு வருஷமாக மண்டையில் ஏறாத பாடம், என் பொய்யைத் தாங்குவதற்கு மட்டும் மணி மணியாக ஏறியது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தோட்டம் கொதித்தது. நானா கடையில் யாரும் சாமான் வாங்கக் கூடாது என்று சங்கத்தில் முடிவு எடுத்தார்கள். கடை வாசலில் போய் இளந்தாரிகள் சத்தம் போட்டார்கள். யாரோ பல்பு அடுக்கிய கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். இதையெல்லாம் மாமா போனில் சொல்லுவார், நான் ஆஸ்பத்திரியில் "ம்" என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் நான் செய்தது ஒன்றுதான். கும்பிட்டேன். "தாயே, அம்மாவுக்குக் கண்ணைக் குடு. உனக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துறேன்" என்று வேண்டிக்கொண்டேன். கண் வியாதிக்குக் கண்மலர் நேர்ந்துகொள்வது எங்கள் கோயிலில் காலங்காலமாக இருக்கிற வழக்கம். ஒரு நாளைக்கு நூறு தரம் வேண்டியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு தரமும் வேண்டுதலின் கடைசியில், எனக்கே தெரியாமல், இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "நான் தலையாட்டினது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்." வாய் அம்மனைக் கூப்பிட்டது, மனசு அவளையே ஏமாற்றப் பார்த்தது. என் வேண்டுதல் வாட்டு ஃபேனைத் தாண்டி மேலே போகவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. படிப்பதற்கு எடுத்து வந்த அட்டைகள் பைக்குள்ளேயே கிடந்தன. ஒரு நாள் எல்லாவற்றையும் குப்பையில் போடக் கொண்டுபோனேன், போடவும் தைரியம் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்தேன். செத்துவிட்டால் நல்லது என்று நினைத்த நாளும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பார்வையாளர் நேரத்தில் நானா வந்தார். யட்டியாந்தோட்டையிலிருந்து தனியாகப் பஸ் பிடித்து வந்திருக்கிறார். கையில் ஒரு பையில் மாதுளம்பழம். வாட்டுக்குள் வரவில்லை. வராந்தாவில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"மகள், நான் சென்ன மாதிரித்தான் எனக்கு ஞாபகம் ஈக்கி. ஆனா அன்டைக்குக் கடையில சனம். எனக்கும் வயசு போயிட்டு. ராவும் பகலும் யோசிக்கிறேன், தெரியுதில்ல. நீங்க படிச்ச புள்ள. நீங்க செல்லுங்க. நான் சென்னேனா, சொல்லல்லயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பிறகு பழத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிப் போனார். அந்த மாதுளம்பழத்தை நான் அம்மாவுக்கு உரித்துக் கொடுத்தேன். "யாரு குடுத்தா?" என்று கேட்டார். "வெளியில வாங்கினேம்மா" என்றேன். அது இரண்டாவது பொய்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமா என்னைத் தோட்டத்துக்கு வரச் சொன்னார். மாமி அம்மாவுக்குத் துணைக்கு வந்துவிட்டார். விஷயம் இதுதான். நானா தான் சொன்னதாகச் சில பேரிடம் சொல்லியிருக்கிறார், நிச்சயமில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இதைப் பொலிஸுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கோயிலில் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் தீராத வழக்கைக் கற்பூரத்தில்தான் தீர்ப்போம். அம்மனுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினால் அம்மன் கண்ணைப் பறித்துவிடுவாள் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. நானா வேறு மார்க்கத்துக்காரர், அவரிடம் அதைக் கேட்க முடியாது. ஆகவே நான் சத்தியம் பண்ண வேண்டும்.

பஸ்ஸில் அவிசாவளை வரைக்கும் எதையும் நினைக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு மழை பிடித்தது. கண்ணாடியை மூடிவிட்டார்கள், மூச்சு முட்டியது. கரவனெல்ல ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது எனக்கு அழுகை வந்தது. அப்போது ஒன்று விளங்கியது. பொய்ச் சத்தியம் பண்ணினால் அம்மன் பறிக்க வேண்டிய கண் என் கண் இல்லை. ஏற்கனவே பாதி பறிபோய்க் கொழும்பில் கட்டுக்குள் இருக்கிற கண். அந்தப் பஸ்ஸில்தான் முதல் தரமாக நான் உண்மையாகக் கும்பிட்டேன். "தாயே, இப்ப நான் கண்ணைக் கேட்கல்ல. எனக்கு வாயைக் குடு. எனக்குச் சொல்ல வருதில்ல. நீயே சொல்ல வை." அவ்வளவுதான். கண்மலர், நேர்த்தி ஒன்றையும் அதில் சேர்க்கவில்லை.

கோயிலடியில் தோட்டமே நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. நானா படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். அவர் படியேறத் தேவையில்லை, செருப்பைக் கழற்றவும் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நான் சென்ன மாதிரி ஈக்கி. நிச்சயமாச் செல்ல ஏலா. இந்தப் புள்ள உங்கட சாமிக்கு முன்னால சத்தியம் பண்ணி, நான் சொல்லல்லேன்டு சென்னா, குத்தம் என்ட தலையில. நாளைக்கே கடய மூடுறேன்."

பூசாரி தட்டில் கற்பூரத்தை வைத்தார். நெருப்புக்குச்சி ஈரம், முதல் குச்சி பற்றவில்லை. இரண்டாவதும் பற்றவில்லை. மாமா வேறு பெட்டி தேடினார். என் வாய் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. என்ன சொல்லப் போகிறேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கீழே பார்த்தேன். நானாவின் காலைப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலே ஒரு அட்டை பிடித்து, இரத்தம் குடித்து உப்பிப்போய்த் தொங்கியது. இரத்தம் பாதத்தில் வழிந்தது. அவருக்கு அது தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானா, காலுல அட்ட" என்றேன்.

என் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். அதற்குப் பிறகு வாய் மூடவில்லை.

"நானா சொன்னாரு. எல்லாஞ் சொன்னாரு. தண்ணியில அசிட்ட ஊத்தச் சொன்னாரு, அம்மாகிட்ட சொல்லச் சொன்னாரு. நான்தான் கேக்கல. பாடத்தச் சொல்லிக்கிட்டு நின்னேன். சரினு தலையாட்டிட்டு வந்துட்டேன். அம்மா கண்ண நான்தான் அவிச்சேன்."

கற்பூரம் அப்போதுதான் பற்றியது. யாரும் அதை அடிக்கவில்லை, அது பாட்டுக்கு எரிந்து முடிந்தது. மாமா என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். என் வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அன்றைக்குத்தான். "அடிக்க வேணாம் தம்பி" என்று நானாதான் தடுத்தார். அதற்காக அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, "இத ஆஸ்பத்திரியில வச்சே சென்னீக்கலாமே மகள்" என்றார். அவ்வளவுதான். மழையோடு இறங்கிப் போய்விட்டார். காலில் அட்டை அப்படியே இருந்தது.

அட்டை என்ன பெரிய அற்புதமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் மலையில் மழை விழுந்தால் காலுக்கு நாலு அட்டை. ஆனால் பூட்டிக்கிடந்த என் வாயை அம்மன் எதை வைத்துத் திறந்தாள் என்று எனக்குத் தெரியும். பெரிய உண்மையைச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஒரு சின்ன உண்மையை முதலில் சொல்ல வைத்தாள். நான் கேட்டது வாய், கிடைத்தது வாய்.

திங்கட்கிழமை கட்டைப் பிரித்தார்கள். இடது கண்ணில் பார்வை இருந்தது. மங்கல்தான், ஆனால் விரலை எண்ணினார், நர்ஸின் சட்டை நிறத்தைச் சொன்னார். வலது கண் போய்விட்டது. நான் உண்மையைச் சொன்னதால்தான் இடது கண் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால், இன்னும் சீக்கிரம் சொல்லியிருந்தால் வலது கண்ணும் கிடைத்திருக்குமே என்று என் மனசு என்னைத் தின்றுவிடும். அம்மன் கொடுத்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்புவதற்கு முன்பே மாமா அம்மாவுக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். அம்மா என்னைத் திட்டவில்லை. பேசவும் இல்லை. சாப்பாடு ஊட்டினால் வாயைத் திறப்பார். முகம் துடைத்தால் காட்டுவார். ஒரு சொல் இல்லை. இரண்டு நாள் அப்படி. மாமாவின் அடி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூன்றாம் நாள் காலையில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சோதன எப்ப?"

"நாளான்னைக்கும்மா. நான் போகல்ல."

"போகாம? எனக்கு மிஞ்சின ஒத்தக் கண்ணால, நீ மூலையில குந்தியிருக்குறதயா தெனம் பாக்கச் சொல்லுற? போயி எழுது. ஆனா கேள்விய நல்லாக் கேட்டுட்டு எழுது. சும்மா தலையாட்டிட்டு எழுதாத."

அம்மா அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நான் எழுந்தபோது, என் பையின் வாரை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டிருந்து பிறகு விட்டார்.

மண்டபத்தில் தாளைத் திருப்பினேன். மூன்றாம் கேள்வி. ஒரு விவசாயி வேலையாளைக் கடைக்கு அனுப்பிப் பயிர் மருந்து வாங்குகிறார். கடைக்காரர் மருந்தின் காரத்தைப் பற்றி வேலையாளிடம் எச்சரிக்கிறார். வேலையாள் அதை விவசாயியிடம் சொல்லவில்லை. பயிர் கருகிவிடுகிறது. கடைக்காரர் பொறுப்பா?

வாசித்ததும் பேனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷமாக எனக்கு விளங்காத பாடத்தில் இப்போது எனக்கு விளங்காத ஒரு சொல்லும் இல்லை. கவுண்டர் தெரிந்தது, போத்தல் தெரிந்தது, நானாவின் விரல் தெரிந்தது. எழுதினேன். எதற்கு வாங்கப்படுகிறது என்று கடைக்காரருக்குத் தெரியும், ஆகவே முதலில் அவருக்குப் பொறுப்பு இருந்தது. ஆனால் அவர் எச்சரித்துவிட்டார். அனுப்பப்பட்டவரிடம் சொன்னது, அனுப்பியவரிடமே சொன்னதற்குச் சமம். கடைக்காரர் பொறுப்பில்லை. விவசாயிக்கு அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை.

என் அம்மாவுக்கு எதிரான தீர்ப்பை நானே என் கையால் எழுதினேன். கண்ணீர் விழுந்து மை கரைந்த இடத்தைக் கையால் ஒற்றிவிட்டு எழுதினேன். அந்தத் தாளில் தேறினேன். பெரிய பெறுபேறு இல்லை, வெறும் சாதாரணப் பாஸ். எனக்கு அது போதும்.

இதற்குப் பிறகு எல்லாம் சந்தோஷமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். அம்மாவால் இப்போது பால் வெட்ட முடியாது. ஒற்றைக் கண்ணில் கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது என்று தெரிவதில்லை, மரம் காயப்படுகிறது. புல் வெட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். சங்கத்தில் கடைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நானா கடைக்கு இன்னும் போகாதவர்கள் இருக்கிறார்கள். கெட்ட பேர் வந்த வேகத்தில் போவதில்லை.

நான் மாறியிருக்கிறேன். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்கிறேன், வெட்கப்படுவதில்லை. அந்த அசிட்டை எப்படிக் கலக்க வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு நானாவிடம் போனேன். அவர் அதை வாங்கிக் கவுண்டரில் ஒட்டினார். ஒட்டிவிட்டு, "திருப்பிச் செல்லுங்க பாப்போம்" என்றார். நான் தண்ணீர் முதலில், அசிட் பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னேன். இப்போது அந்தக் கடையில் அசிட் வாங்குகிற எவரும் திருப்பிச் சொல்லாமல் போத்தல் வாங்க முடியாது.

கஷ்டத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அம்மனிடம் கேளுங்கள், அவள் தருவாள். ஆனால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு மறு கையை நீட்டாதீர்கள். நான் அப்படி நீட்டிப் பார்த்திருக்கிறேன்.

நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. திருவிழாவுக்கு முந்திய கிழமை கண்மலர் வாங்க அம்மாவும் நானும் அவிசாவளைக்குப் போனோம். நான் கடைக்காரரிடம் மெதுவாக, ஒற்றைக் கண்ணாகத் தருவீர்களா என்று கேட்டேன். ஒரு கண்தானே கிடைத்தது, இரண்டைச் சாத்தினால் அம்மாவின் மனசு நோகுமே என்று நினைத்தேன். ஜோடியாகத்தான் விற்போம் என்றார். அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. தலையைத் திருப்பி இடது கண்ணால் என்னைப் பார்த்தார். கட்டுப் பிரித்த நாளிலிருந்து அப்படி நேராக அவர் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தரம்.

"ரெண்டையும் வாங்கு" என்றார். "ஒண்ணு, அவ குடுத்ததுக்கு. மத்தது அவ எடுத்துக்கிட்டதுக்கு. எடுத்துக்கிட்டதையும் நாமளா குடுத்ததா இருக்கட்டும்டி."

அம்மாவே தன் கையால் இரண்டையும் அம்மன் முகத்தில் சாத்தும்படி பூசாரியிடம் கொடுத்தார். தீபாராதனையில் அவை இரண்டும் மினுங்கின. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று கும்பிட்டார், நான் அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டேன்.